மீன்கொத்திக்கு எந்த லென்ஸ்?

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு சர்க்கரையில் தொடங்கி, முட்டி வலியில் கொஞ்சம் தங்கி, கடைசியில் கைபேசியில் வந்து நிற்கும். போன வாரம் பெரிய கோயில் பிராகாரத்தைச் சுற்றிவிட்டு உட்கார்ந்திருந்தபோது நம்மில் ஒருவர், யாரென்று சொல்ல மாட்டேன், புதுக் கைபேசியை எடுத்து அதன் முதுகைக் காட்டினார். மூன்று கண் இருந்தது. கிட்டத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, எதைத் திறப்பது என்று அதுவே பார்த்துக்கொள்ளும் என்று பெருமைப்பட்டார். கோபுரத்துக் கிளியை மடியில் கொண்டுவந்து வைத்த மாதிரி எடுத்தும் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோபித்துக்கொண்டார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மூன்று கண்ணில் எந்தக் கண் என்று தீர்மானிப்பதற்குள் எங்கள் வீட்டில் ஒரு கோடை விடுமுறையே போனது. அதைவிட நல்ல கோடை எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

அப்பா பீங்கான் பட்டறையில் சூளை மேஸ்திரி. சித்தப்பாவுக்கு அதே பட்டறையில் சாமானுக்குப் பளபளப்பு ஏற்ற கிளேஸ் போடும் வேலை. நம் ஊரில் பாதி வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் கழித்துப் போட்ட சாமான்தான் புழக்கத்தில் இருந்தது. கைப்பிடி இல்லாத கப்பில் காப்பி. மூடி சேராத ஜாடியில் ஊறுகாய். தும்பிக்கை பாதியில் நின்றுபோன யானை கதவுக்கு முட்டு. குறையில்லாமல் முழுசாக இருந்த பொருள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அது சித்தப்பாவின் காமிரா.

பக்கத்துச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர், சித்தப்பா பொறுக்கித் தந்த ஒரு ஜோடிப் பீங்கான் குதிரைகளுக்குப் பதிலாகக் கொடுத்துவிட்டுப் போனது. குதிரைகள் அத்தனை அழகு என்று சித்தப்பா சொல்வார். அந்த ஆள் போதையில் இருந்தார் என்று அப்பா சொல்வார். தோல் உறையைத் திறந்தால் புதுச் செருப்பும் கற்பூரமும் கலந்த வாசனை வரும். நான் வாசனைக்காகவே திறந்து திறந்து மூடித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அது ரேஞ்ச்ஃபைண்டர் காமிரா. படம் பிடிப்பது ஒரு கண், நாம் பார்ப்பது வேறு கண். மேலே ஓரத்தில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் நடுவில் இருப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானதும் பொத்தானை அழுத்த வேண்டும். எனக்கு அந்த ஜன்னலே போதும், படம்கூட வேண்டாம். தெருவில் படுத்திருக்கும் மாட்டை இரண்டாக்கி ஒன்றாக்கி ஒரு மத்தியானத்தையே ஓட்டிவிடுவேன்.

இந்த இரட்டைக் கண்ணில் ஒரு வில்லங்கமும் இருந்தது. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் ஜன்னலில் உலகம் பளிச்சென்று தெரியும். கல்யாணமான புதிதில் ஸ்ரீமுஷ்ணத்துக்கு மறுவீடு போன சித்தப்பா, மாமனார் வீட்டார் அத்தனை பேரையும் வரிசையாக நிற்கவைத்து ஒரு ரோல் முழுவதையும் மூடியோடு எடுத்துக்கொண்டு வந்தார். கிட்டத்தில் எடுத்தால் இன்னொரு கூத்து. ஜன்னல் மேலே, லென்ஸ் கீழே என்பதால் செம்பருத்தியைப் பார்த்து எடுத்தால் காம்பு வந்து நிற்கும்.

லென்ஸ் மூன்று. அவற்றின் எண்கள் எனக்கு வாயில் நுழையாததால் குட்டை, நடுவான், நெட்டை என்று பெயர் வைத்திருந்தேன். சித்தப்பாவின் உயிர் நெட்டையில் இருந்தது. இயற்கையைப் படம் எடுக்க வேண்டுமென்றால் நெட்டைதான், தூரத்தில் இருப்பதை இழுத்துக்கொண்டு வரும் என்பார். குட்டை அவருக்கு இளக்காரம். கல்யாணத்தில் பந்தி முழுவதும் விழ வேண்டுமானால் அதைப் போடலாம், குருவிக்கும் காட்டுக்கும் அது எதற்கு என்று ஒதுக்கிவிட்டார். அதனால் அது சித்தியின் தையல் டப்பாவுக்குக் குடிபோனது. தலைகீழாகப் பிடித்தால் நல்ல பூதக்கண்ணாடி. சித்தி அதை வைத்துக்கொண்டு என் காலில் முள் எடுப்பாள்.

அந்தக் கோடையில் பட்டறைக்கு மண் எடுக்கும் குழியில் தண்ணீர் வற்றியிருந்தது. அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டு நான் குழி வழியாகத்தான் வீடு திரும்புவேன். கீழே மண் இன்னும் ஈரமாக, உள்ளங்காலுக்குச் சில்லென்று இருக்கும். கிழக்குக் கரை ஆள் உயரத்துக்கு வெட்டிவிட்ட சுவர் மாதிரி நின்றது. அதில் என் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. எலி வளை என்று நினைத்துக் காதை வைத்தேன். உள்ளே ஒரு சத்தம் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது, நாலு வீடு தள்ளித் தையல் மிஷின் ஓடுவதைப் போல. பின்னால் யாரோ கெக்கெக்கெக் என்று சிரித்தார்கள். திரும்பினால் கரண்ட் கம்பியில் ஒரு மீன்கொத்தி, முதுகெல்லாம் நீலம், தலை காப்பிக்கொட்டை நிறம், மார்பு வெள்ளை. அலகில் ஓணான் குட்டி தொங்கியது. நான் ஓரமாகப் போய்க் குந்தியதும் அது நேராக வந்து ஓட்டைக்குள் நுழைந்தது. தையல் மிஷின் வேகமெடுத்தது. மண்ணுக்குள் குஞ்சுகள் இருக்கின்றன என்பதும் அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதும் ஒரே நேரத்தில் உறைத்தபோது எனக்கு மூச்சு முட்டியது. அத்தனை சந்தோஷம்.

சந்தோஷம் வீட்டுக்கு வந்து சேரும்வரைதான். அந்தக் கிழக்குக் கரையில்தான் அந்த வருஷத்து நல்ல மண் இருக்கிறது, வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை லாரி வந்து வெட்டப்போகிறார்கள் என்று அப்பா சொன்னார். நான் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அப்பா தயங்கித் தயங்கி முதலாளியிடம் பேச, அவரும் நல்ல மனுஷர், குடையைப் பிடித்துக்கொண்டு குழி ஓரம் வந்து நின்றார். வெள்ளை வேட்டியையும் கறுப்புக் குடையையும் பார்த்த மீன்கொத்தி அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது.

“மரத்துல கூடு கட்டுனா அது குருவி, மேஸ்திரி. மண்ணுல வளை வச்சா அது எலி. குருவிதான்னு ஒரு போட்டோ புடிச்சிக் காட்டச் சொல்லு உன் தம்பிய. வேற பக்கம் வெட்டிக்கலாம்” என்றார்.

ஆக, குஞ்சுகளின் உயிர் சித்தப்பாவின் காமிராவுக்குள் வந்து சேர்ந்தது.

சித்தப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நெட்டையை மாட்டினார். அதற்கென்று ஒரு குட்டி ஜன்னல் தனியாக உண்டு, அதையும் காமிராவின் தலையில் செருகினார். எதிர்க்கரையில் கருவேலம் புதருக்குள் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். முள் குத்தியது, எறும்பு கடித்தது, சித்தப்பா சிங்கத்தைச் சுடப் போகிறவர் மாதிரி அசையாமல் இருந்தார். மீன்கொத்தி வரும், அவர் இரண்டு குருவியை ஒரு குருவியாக்க வளையத்தைத் திருகுவார், ஒன்றாவதற்குள் அது உள்ளே போய்விடும். அத்தனை தூரத்தில் துளி பிசகினாலும் நெட்டை மன்னிக்காது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே துளித் துளியாகப் பிசகினார்.

ஸ்டூடியோக்காரர் கழுவிக் கொடுத்த படங்களில் கரை இருந்தது, ஓட்டை இருந்தது, ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்து வைத்த கொழுக்கட்டை மாதிரி ஏதோ ஒன்றும் இருந்தது. கறுப்பு வெள்ளையில் நீலத்துக்கும் மண்ணுக்கும் என்ன வித்தியாசம். ஸ்டூடியோக்காரர் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, போன மழையில் உள்ளே பூசணம் பூத்திருக்கிறது என்றும் சொல்லி அனுப்பினார். முதலாளி படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்ல களிமண்ணு. இதத்தான் வெட்டச் சொல்றேன்” என்றார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சித்தி சும்மா இருக்கவில்லை. கிட்டே போகத் துப்பில்லாதவர்களுக்குத்தான் நெட்டைக் குழாய், குட்டையை மாட்டிக்கொண்டு மூன்றடியில் போய் உட்கார வேண்டியதுதானே என்றாள். மூன்றடியில் உட்கார்ந்தால் குருவி என் மடியிலா வந்து உட்காரும் என்று சித்தப்பா கேட்டார். உட்கார்ந்தால்தான் என்ன, யாராவது உங்களைத் தேடி வரட்டுமே என்றாள் சித்தி. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அப்பா மட்டும் சிரிக்காமல் பூசணத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்.

அவர் என்ன யோசித்தார் என்று புரிய வேண்டுமானால் சூளைக்காரர் வீட்டில் பிறந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஈரத்துக்கு ஒரே மருந்துதான், சூளை மேல் வைப்பது. நனைந்த பாடப்புத்தகம், கார்த்திகை மாசத்துப் பாவாடை, மழையில் மாட்டிக்கொண்ட வடகம், எல்லாம் சூளையின் தலையில் ஏறி மொறுமொறுவென்று திரும்பி வரும். பூசணம் என்றால் ஈரம், ஈரம் என்றால் சூளை. தம்பி முகம் வாடியிருக்கிறதே என்று, யாரிடமும் சொல்லாமல், நெட்டையோடு நடுவானையும் சேர்த்துத் துண்டில் சுற்றி எடுத்துப்போய் வைத்துவிட்டார். அன்றைக்குச் சூளை முழுத் தீயில் இருந்தது.

காலையில் பிரசாதம் கொண்டுவருபவர் மாதிரி முகமெல்லாம் மலர்ச்சியாகக் கொண்டுவந்து கொடுத்தார். துண்டு இன்னும் சூடாக இருந்தது. சித்தப்பா வளையத்தைத் திருகினார், அது திரும்பவில்லை. உள்ளே இருந்த கிரீஸ் உருகிக் கண்ணாடியெல்லாம் வழிந்திருந்தது. ஒட்டவைத்திருந்த கண்ணாடிகள் விட்டுப்போய் நடுவில் வானவில் மாதிரி கலர் ஓடியது. பூசணம் அப்படியே இருந்தது.

சித்தப்பா கத்தியிருந்தால் தேவலை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அப்பா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்து, வடகம் நன்றாகத்தானே காயும் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் மறுபடியும் வாசலுக்கே போய்விட்டார். அப்போது சித்தி உள்ளேயிருந்து குட்டையை எடுத்துவந்து, அதில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துவிட்டு, சித்தப்பாவின் காப்பிக் கப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இது மட்டுந்தாங்க காயல” என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு வினோதமான பேச்சுவார்த்தை நடந்தது. சித்தப்பா அப்பாவோடு பேச மாட்டார், ஆனால் அப்பா இல்லாமல் வேலையும் நடக்காது. நடுவில் நான். “உங்கப்பாவக் கேளு, பாப்பா” என்பார் சித்தப்பா, அப்பா இரண்டடியில் நின்றுகொண்டிருப்பார். நானும் இரண்டடி நடந்து போய்க் கேட்டு வருவேன். தபால்காரர் வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்.

கிட்டே போவதற்கு வழி சொன்னது அப்பாதான். சூளையில் தீ நேராகப் படாமல் இருக்கக் கப்புகளைத் தடித்த மண் பெட்டிகளில் அடுக்கி வைப்பார்கள், அதற்கு சாகர் என்று பெயர். உடைந்த சாகர்கள் குழியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கிடக்கும். மீன்கொத்தி தினமும் பார்க்கிற சாமான், அதற்குப் பயப்படாது என்று அப்பா என்னிடம் சொல்ல, நான் சித்தப்பாவிடம் சொன்னேன். அப்பா ஒரு பழைய சாகரில் லென்ஸ் அளவுக்கு உளியால் ஓட்டை போட்டார். வெறும் சாகரைக் கரையடியில் பக்கவாட்டாக, சாலைப் பக்கம் பார்த்தாற்போல் கல் அடுக்கி அதன் மேல் வைத்து, நாளுக்கு நாள் குருவி ஓட்டைக்கு நெருக்கமாக நகர்த்தினோம். குருவி முதலில் கம்பியில் உட்கார்ந்து திட்டியது. அப்புறம் திட்டுவதை விட்டுவிட்டது. அப்புறம் அதன் மேலேயே வந்து உட்கார்ந்து எச்சமிட்டது. அதைப் பார்த்து நாங்கள் கைதட்டாத குறை.

சனிக்கிழமை சாகருக்குள் காமிரா ஏறியது. சித்தி தையல் டேப்பால் குருவி ஓட்டை வரைக்கும் அளந்து சொல்ல, சித்தப்பா லென்ஸ் வளையத்தை அந்த அடிக்குத் திருப்பி வைத்தார். ஜன்னலும் வேண்டாம், இரண்டை ஒன்றாக்கவும் வேண்டாம். குட்டைக்கு ஒரு பெருந்தன்மை உண்டு, கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் அதில் ஒரே சமயத்தில் தெளிவாக விழும், அளவு சற்றுத் தப்பினாலும் பொறுத்துக்கொள்ளும். பொத்தானுக்கு மேல் அப்பா ஒரு குச்சியைக் கட்டினார், நூலை இழுத்தால் குச்சி சாய்ந்து பொத்தானை அழுத்தும். இந்த வகைக் காமிரா சத்தம் போடாது, அதுவும் நல்லதாயிற்று. ஒரே கஷ்டம், ஒரு படம் எடுத்தால் யாராவது போய் பிலிமைச் சுற்ற வேண்டும். சுற்றப் போனால் குருவி பறந்துவிடும், திரும்பி வர வெகு நேரமாகும். ஒரு தடவைக்கு ஒரு படம்.

சனியும் ஞாயிறும் வீணாகப் போயின. ஒருமுறை அது சாகரின் தலையிலேயே ஓணானோடு உட்கார்ந்து எங்களை ஏளனமாகப் பார்த்தது, லென்ஸ் அதற்கு நேர் கீழே இருந்தது. ஒருமுறை ஆடு ஒன்று நூலை இழுத்துவிட்டது. ஞாயிறு சாயங்காலம் வெளிச்சம் போனதும் எனக்கு அழுகை வந்தது. விடிந்தால் லாரி. சித்தி என் தலையைத் தடவிக் கொடுத்து, லாரிக்காரர்கள் டீ குடிக்காமல் வர மாட்டார்கள், விடிகாலையில் ஒரு கை பார்க்கலாம் என்றாள். அப்பா, நீங்களும் வாங்க என்றேன். வெந்த சாமானை இறக்கிச் சூளை பிரிக்கிற நாள், வர முடியாது என்று சொல்லிவிட்டார். பிள்ளையைவிட இவருக்குச் சூளைதான் பெரிசு என்று சித்தப்பா சுவரிடம் சொன்னார்.

திங்கட்கிழமை சூரியன் கிளம்பும்போதே புதருக்குள் இருந்தோம். நூல் என் விரலில். குருவி அலகில் ஓணானோடு வந்து கம்பியில் உட்கார்ந்தது. சாலைப் பக்கம் லாரி உறுமுவது கேட்டது. ஹார்ன் நீளமாக அடித்தது, மறுபடியும் அடித்தது. சித்தியின் கை என் தோளை இறுக்கியது. அப்புறம் லாரிச் சத்தம் சட்டென்று நின்றுபோனது. டீக்கு நிறுத்திவிட்டார்கள் என்று சித்தி கிசுகிசுத்தாள். குருவி கிளம்பியது. ஓட்டை வாயில் ஒரு குஞ்சு, அன்றைக்கென்று பார்த்து, தலையை வெளியே நீட்டியிருந்தது. அம்மாக்காரி சிறகை விரித்தபடி அதன் முன்னால் ஒரு கணம் தொங்கினாள். இழுத்தேன்.

சத்தமே கேட்கவில்லை. குருவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சித்தப்பா சட்டைப்பையில் கையை விட்டு லென்ஸ் மூடியை எடுத்து, அது பையில்தான் இருக்கிறது என்பதை இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு சாகரிலிருந்து காமிராவை எடுத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் கரையேறி ஓடினோம். லாரி சாலையோரம் நின்றது, ஆட்கள் அதன் மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சித்தப்பா டிரைவரிடம் கெஞ்ச வாயெடுப்பதற்குள், சரி சரி போங்க என்று அவர் சொல்லிவிட்டார். சித்தப்பாவின் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டோம்.

ஸ்டூடியோக்காரர் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டுக் கழுவி, பெரிய தாளில் போட்டுக் கொடுத்தார். ஈரம் சொட்டச் சொட்ட அதைத் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனோம். அப்பாவையும் சூளையிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். அவர் கதவோரம் நின்றார். முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். சிறகின் ஒவ்வோர் இறகும் தெரிந்தது. ஓணானின் வால் தெரிந்தது. குஞ்சின் திறந்த வாய் தெரிந்தது.

“குருவிதான்” என்றார் முதலாளி. “மண்ணுக்குள்ள குருவி. நானும் இந்த வயசு வரைக்கும் எலின்னே நெனச்சிட்டேன்.”

எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அவர் நிமிரவில்லை. அவருடைய விரல் படத்தின் மேல் மெதுவாக நகர்ந்து, குருவியைத் தாண்டி, கரையைத் தாண்டி, மூலைக்குப் போய் நின்றது. அங்கே குழிக்கு அப்பால் சாலை விழுந்திருந்தது. சாலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு லாரி. லாரிக்கு முன்னால் ஓர் ஆள்.

“இது யாரு, மேஸ்திரி?”

அப்பா எட்டிப் பார்த்தார். தெரியவில்லை என்று சொன்னார்.

“தலையில இருக்கிறது உன் துண்டு மாதிரி இருக்குது.”

“டீ சாப்ட்டுட்டுப் போவலாம்னு டிரைவரக் கூப்புட்டேங்க.”

“டீக்குக் கூப்புடறவன் ரெண்டு கையையும் விரிச்சிக்கிட்டு, லாரி மூஞ்சில நெஞ்ச வச்சிக்கிட்டா கூப்புடுவான்?”

அப்பா துண்டை மெதுவாகக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டார். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, சூளையை யார் பிரித்தது என்று அதட்டினார், அதற்கும் சிரித்தார். மேற்குக் கரையை வெட்டச் சொல்லி ஆளனுப்பினார். குஞ்சுகள் பறந்து போகும் வரைக்கும் கிழக்குப் பக்கம் ஒருவரும் மண்வெட்டி எடுத்துப் போகவில்லை. நாலு குஞ்சு. கம்பியில் வரிசையாக உட்கார்ந்து ஊரையே பார்த்துச் சிரித்தன.

அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு அந்த அறையில், முதலாளி சிரித்து ஓயும்வரை சித்தப்பா படத்தின் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தபால் கொண்டுபோக நான் தயாராக நின்றேன். அவர் என்னைத் தாண்டி நேராகக் கதவோரம் போனார்.

“அண்ணே, வூட்டுக்குப் போவலாம் வாங்க” என்றார்.

அப்பாவைக் காமிராவுக்கு முன்னால் நிறுத்தி எடுத்த படங்கள் வீட்டில் பிறகு நிறைய சேர்ந்தன. எல்லாவற்றிலும் விறைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ போல இருப்பார். எங்கள் அப்பா அப்பாவாகவே இருக்கிற படம் அந்த ஒன்றுதான். நெட்டை லென்ஸ் மட்டும் சூளையில் வேகாமல் இருந்திருந்தால் குருவி இன்னும் பெரிதாக விழுந்திருக்கும். அப்பா விழுந்திருக்க மாட்டார்.